விண்ணுக்குச் செல்லும் வரிப்பணம்

(கமக்காரரும் ஆசிரியரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த அவையொன்றில் ஒரு நியாயவாதி ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களிற் பலருக்கு வியப்பைத் தரக்கூடும். நெல்லுக்கு விலை, வெங்காயத்துக்குச் சந்தை, பிள்ளைக்கு உத்தியோகம் என்று நாளும் கவலைப்படும் மக்கள் கூடிய அவையிலே, சந்திரனுக்கும் வியாழனுக்கும் ரொக்கெட் விடும் செய்தி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. பொதுமக்களின் வரிப்பணத்தை ஓர் அரசாங்கம் பெருங் காரியமொன்றில் எந்த முறையில் இடவேண்டும் என்பதே என் விசாரணை. அந்த விசாரணைக்கு ஐக்கிய அமெரிக்காவின் விண்வெளி வரலாறு நல்ல சாட்சி. அங்கே சட்டங்கள் அச்சில் இருக்கின்றன. கணக்காய்வு அறிக்கைகள் யாவரும் வாசிக்கக் கிடைக்கின்றன. வெற்றியும் விரயமும் ஒரே ஏட்டிலே பதிவாகியிருக்கின்றன.

என் வழக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூர விண்வெளியை ஆராயும் முயற்சிக்கு அரசாங்கம் பணம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால், கொடுக்கும் சட்டசபை போகவேண்டிய இடத்தையும் கொடுக்கக்கூடிய தொகையையும் தீர்மானிக்க வேண்டுமேயன்றி, எந்த ரொக்கெட்டை எந்த ஊர்த் தொழிற்சாலையிற் செய்வது என்று தீர்மானிக்கப் புகலாகாது. புகுந்தால், விண்ணுக்குப் போகவேண்டிய மக்கள் பணம் வழியிலே தங்கிவிடும்.

அரசாங்கம் ஏன் கொடுக்கவேண்டும்? வியாபாரி செய்யமாட்டான் என்பதனாலே. வியாபாரியை நான் குறை கூறவில்லை. முதலிட்டவன் தன் வாழ்நாளிலே இலாபம் பார்க்க விரும்புவது இயல்பு. தூர விண்வெளியோ அப்படிப்பட்ட நிலமன்று. 1977ஆம் ஆண்டில் வொயேஜர் என்னும் இரு கலங்கள் ஏவப்பட்டன. வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் ஆகிய நான்கு கோள்களும் ஒரே பயணத்தில் எட்டக்கூடியவாறு அமைவது ஏறக்குறைய 175 ஆண்டுகளுக்கு ஒரு முறை. அந்த வேளை அப்போது வந்திருந்தது. முதலில் வகுத்த பெருந்திட்டம் செலவு மிகுந்தது என்று கைவிடப்பட்டது. பின்னர், வியாழனுக்கும் சனிக்கும் மட்டும் செல்லும் சிறு திட்டத்துக்கே அனுமதி கிடைத்தது. ஆயினும், கலத்தை அமைத்தவர்கள் அது நெடுங்காலம் உழைக்கும்படி அமைத்தார்கள். இரண்டாவது வொயேஜர் 1986இல் யுரேனசையும் 1989இல் நெப்டியூனையும் கண்டது. முதலாவது வொயேஜர் 2012 ஆகஸ்டில் சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டி, விண்மீன்களின் இடைவெளியிற் புகுந்தது. ஏவி 45 ஆண்டுகள் கழிந்த பின்னரும் அது செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. நெப்டியூனைக் காணும் வரைக்கும் இரு கலங்களுக்கும் ஆன செலவு 86 கோடியே 50 இலட்சம் டொலர். எந்தக் கம்பனி தன் பங்காளிகளிடம் சென்று, "நாற்பது ஆண்டு பொறுத்திருங்கள், ஒரு சதமும் வராது, ஆனால் அறிவு வரும்" என்று சொல்லும்? பனங்கொட்டையைப் புதைத்தவன் அதன் பயனைத் தன் பேரனுக்கென்றே விடுகிறான். அந்தப் பொறுமை அரசுக்கு உண்டு, இருக்கவும் வேண்டும்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அதை மறைப்பது நியாயவாதிக்கு அழகன்று. 1969 ஜூலை 15ஆம் நாள், அப்பலோ 11 சந்திரனுக்குப் புறப்படுவதற்கு முதல்நாள், மாட்டின் லூதர் கிங் அவர்களின் தோழர் ரால்ப் அபர்நதி என்னும் கறுப்பின மதகுரு, ஏழைக் குடும்பங்களையும் கோவேறு கழுதை பூட்டிய வண்டியையும் அழைத்துக்கொண்டு ஏவுதளத்தின் வாசலுக்கு வந்தார். பசித்த குழந்தைகள் உள்ள நாட்டிலே சந்திரனுக்குப் போக இத்தனை பணமா என்பது அவர் கேள்வி. நாசாவின் தலைவர் தோமஸ் பெயின் வெளியே வந்து அவர்களைச் சந்தித்தார். ரொக்கெட்டை ஏவும் பொத்தானை அழுத்தாமல் விடுவதனால் வறுமை தீருமென்றால் அதை அழுத்தவே மாட்டோம் என்று அவர் மறுமொழி சொன்னார். மறுநாள் ரொக்கெட் எழுவதைக் காண அம்மக்களிற் சிலருக்கு இடமும் கொடுத்தார்.

பெயின் சொன்னது உண்மைதான். அப்பலோவுக்கு மிகுதியாகச் செலவான 1966ஆம் ஆண்டிலும் அமெரிக்க மத்திய அரசாங்கத்தின் செலவில் நாசாவின் பங்கு நூற்றுக்கு 4½ வீதத்தைத் தாண்டவில்லை. பிற்காலத்தில் அது நூற்றுக்கு ½ வீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்தப் பங்கை நிறுத்தினால் பசி தீர்ந்துவிடாது. ஆனாலும் அபர்நதியின் கேள்வி செத்துப்போகவில்லை. அது வேறோர் உருவத்தில் நிற்கிறது. பசித்தவன் உள்ள நாட்டில் விண்ணுக்கென்று எடுத்த பணத்தில் ஒரு டொலர் வீணானாலும், அந்த வண்டியுடன் வந்து நின்றவர்களுக்குச் சொல்ல நம்மிடம் மறுமொழி இல்லை. ஆகவே கொடுப்பது சரியா என்ற வழக்குத் தீர்ந்த பின், எப்படிக் கொடுத்தார்கள் என்ற வழக்குத் தொடங்குகிறது.

முதலில் நன்றாகக் கொடுத்த கதையைப் பாருங்கள். 1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் ருஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியது. அடுத்த ஆண்டே அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமியற்றி நாசாவை நிறுவியது. 1961 மே 25ஆம் நாள் ஜனாதிபதி கென்னடி காங்கிரசின் முன் நின்று, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஒரு மனிதனைச் சந்திரனில் இறக்கி, அவனைப் பத்திரமாகப் பூமிக்குத் திருப்பிக் கொண்டுவரும் இலட்சியத்தை நாடு ஏற்கவேண்டும் என்று கேட்டார். இடம் சொன்னார், காலம் சொன்னார், செலவு பெரிதென்பதையும் ஒளிக்காமற் சொன்னார். ஆனால் எப்படிப் போவது என்பதை அவர் சட்டமாக்கவில்லை.

அது எத்துணை நன்மையாயிற்று என்பதைக் கவனியுங்கள். நோவா என்னும் பேருருவ ரொக்கெட்டைச் செய்து நேரே சந்திரனுக்குப் போகலாம் என்றனர் ஒரு சாரார். கலத்தைப் பகுதி பகுதியாக ஏவிப் பூமியைச் சுற்றும் பாதையில் இணைத்துக்கொண்டு போகலாம் என்றனர் மற்றொரு சாரார். ஜோன் ஹூபோல்ட் என்ற பொறியியலாளர் மூன்றாவது வழியொன்றைக் கூறினார். தாய்க்கலம் சந்திரனைச் சுற்றிக்கொண்டிருக்க, சிறு கலமொன்று மட்டும் இறங்கி ஏறி மீண்டும் அதனுடன் இணையவேண்டும் என்பது அவ்வழி. முதலில் அதை எவரும் பெரிதாக மதிக்கவில்லை. அவர் 1961 நவம்பரில் மேலதிகாரிகளைத் தாண்டி நாசாவின் உயர் நிர்வாகிக்கே கடிதம் எழுதினார. மாதக்கணக்கில் வாதம் நடந்தது. 1962 ஜூலையில் நாசா அவர் வழியையே தேர்ந்தது. அதனாலேதான் ஒரே சற்றேன் 5 ரொக்கெட்டினால் பயணம் முழுவதையும் முடிக்க இயன்றது. 1961இலே, நோவா ரொக்கெட்டைத்தான் செய்யவேண்டும், அதை இன்ன ஊரில்தான் செய்யவேண்டும் என்று சட்டம் விதித்திருந்தால், ஹூபோல்டின் கடிதத்துக்கு இடமேது?

இனி மற்றக் கதையைக் கேளுங்கள். விண்ணோடம் எனப்படும் ஷட்டில் ஓய்வுபெறும் காலம் நெருங்கியபோது, அதற்குப் பின் வகுக்கப்பட்டிருந்த கொன்ஸ்ரலேஷன் திட்டத்தை 2010இல் அமெரிக்க அரசாங்கம் கைவிட முற்பட்டது. ஷட்டில் வேலையை நம்பியிருந்த மாநிலங்களின் செனற்றர்கள் கலங்கினர். அவ்வாண்டு அக்டோபர் 11ஆம் நாள் கையெழுத்தான நாசா அதிகாரமளிப்புச் சட்டம் புதிய பெரும் ரொக்கெட் ஒன்றைச் செய்யுமாறு கட்டளையிட்டது. அது எத்தனை தொன் தூக்கவேண்டும் என்பதையும் சட்டமே சொன்னது. தொடக்கத்தில் 70 முதல் 100 தொன், பின்னர் 130 தொன். இயன்றவரை ஷட்டில் காலத்து ஒப்பந்தங்களையும் தொழிலாளரையும் உறுப்புகளையும் பயன்படுத்தவேண்டும் என்றும் சொன்னது. 2016 டிசம்பர் 31க்குள் அது இயங்கத்தக்க நிலைக்கு வரவேண்டும் என்பது இலக்கு. ஆனால், அது எங்கே போவதற்கு என்பது மட்டும் தெளிவாகச் சொல்லப்படவில்லை. வண்டியைச் செய்த பின் ஊரைத் தேடுவோம் என்பது போலாயிற்று. செனற் சபையே வரைந்த ரொக்கெட் என்று அதை எள்ளி நகையாடியவர்களும் உண்டு.

விளைவு யாது? அந்த ரொக்கெட் முதன்முதலாக எழுந்தது 2022 நவம்பர் 16ஆம் நாள், இலக்குக்கு ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் பிந்தி. எழுந்தது சீராகவே எழுந்தது. ஒரையன் கலம் சந்திரனைச் சுற்றி டிசம்பர் 11ஆம் நாள் கடலில் இறங்கியது. அதைச் செய்தவர்களின் திறமையை எவரும் குறை கூற இயலாது. ஆனால் செலவைக் கேளுங்கள். அதன் நான்கு இயந்திரங்களும் ஷட்டிலில் முன்னரே பறந்து, மீண்டும் மீண்டும் பயன்பட்டவை. புதிய ரொக்கெட்டில் அவை ஒரு முறை எரிந்து கடலில் விழுந்தன. மேலும் 18 இயந்திரங்கள் செய்ய 2020இல் 179 கோடி டொலருக்கு ஒப்பந்தம் எழுதினார்கள். ஒன்றுக்கு ஏறக்குறைய 10 கோடி டொலர், அதுவும் ஒரு முறை எறிவதற்கு. 2022 மார்ச் மாதத்தில் நாசாவின் பொதுக் கண்காணிப்பாளர் போல் மாட்டின் காங்கிரசின் முன் சாட்சி சொன்னார். முதல் நான்கு பயணங்களில் ஒவ்வொரு ஏவுதலுக்கும் 410 கோடி டொலர் ஆகும் என்றும், இது தாங்கக்கூடிய செலவன்று என்றும் அவர் கூறினார். இதைச் சொன்னவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். அந்தத் திணைக்களத்தின் கணக்கைப் பார்க்கச் சட்டத்தால் அமர்த்தப்பட்ட அதிகாரி.

கருவியைச் சட்டத்தில் எழுதினால் வரும் கேட்டுக்கு இன்னுமோர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். வியாழனின் துணைக்கோளான யுரோப்பாவின் பனிக்கட்டிக்குக் கீழே, பூமியின் கடல்களெல்லாம் சேர்ந்தாலும் ஈடாகாத நீர்ப்பரப்பு உண்டு என்று நம்புவதற்கு வலிய சான்றுகள் இருக்கின்றன. அங்கே உயிர் வாழத்தக்க நிலை உண்டா என்று பார்க்க யுரோப்பா கிளிப்பர் என்னும் கலத்தை நாசா அமைத்தது. அப்பயணத்துக்குப் பணம் ஒதுக்கியது காங்கிரசின் நற்செயல். ஆனால், அந்தப் பெரும் ரொக்கெட்டிலேயே அதை ஏவவேண்டும் என்று ஒதுக்கீட்டுச் சட்டங்களில் நிபந்தனையும் எழுதிவிட்டார்கள். ரொக்கெட்டோ ஆயத்தமில்லை. 2019 ஆகஸ்டில் பொதுக் கண்காணிப்பாளர் காங்கிரசுக்குக் கடிதம் எழுதினார். கலத்தைச் செய்து முடித்துக் கொட்டிலில் வைத்துக் காத்திருந்தால் மாதந்தோறும் 30 முதல் 50 இலட்சம் டொலர் செலவாகும், ஆகையால் அந்நிபந்தனையை நீக்குங்கள் என்று அவர் வேண்டினார். நிபந்தனை பின்னர் தளர்ந்தது. 2021 ஜூலையில், ஸ்பேஸ் எக்ஸ் கம்பனியின் பல்கன் ஹெவி ரொக்கெட்டில் ஏற்றிச்செல்ல ஏறக்குறைய 17 கோடியே 80 இலட்சம் டொலருக்கு ஒப்பந்தமாயிற்று. 2024 அக்டோபர் 14ஆம் நாள் கலம் புறப்பட்டது. நட்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெரும் ரொக்கெட்டென்றால் மூன்று ஆண்டுக்குள் வியாழனை அடையலாம். இந்த வழியிலோ செவ்வாயையும் பூமியையும் சுற்றிச் சென்று 2030இலேதான் அடைய இயலும். ஆனால் அந்தக் கூட்டல் கழித்தலைச் செய்யவேண்டியவர் பயணத்தை நடத்துபவர். அவரின் கையைச் சட்டம் கட்டிவைத்திருந்தது. கட்டு அவிழ்ந்ததும் கலம் போயிற்று.

இனி ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு சொல். இது வழக்கறிஞர் பேசவேண்டிய பொருள். எனினும் கமக்காரருக்கே நன்றாக விளங்கும். கிணறு வெட்டுவிக்கிறீர்கள். நாட்கூலிக்கு ஆள் விட்டால், கல்லுக் கடினம், இன்னும் பத்து நாள் என்பான். கொந்தராத்துக்கு விட்டால், தண்ணீர் கண்ட பின்னரே முழுப் பணமும் கேட்பான். பெரும் ரொக்கெட்டின் முக்கிய ஒப்பந்தங்கள் முதல் வகையைச் சேர்ந்தவை. ஆன செலவு முழுவதையும் அரசாங்கம் கொடுத்து, அதற்கு மேல் ஊதியமும் கொடுக்கும். வேலை பிந்தினால் செலவு ஏறும். ஏறிய செலவும் மக்கள் தலையிலே விழும். வேலை பிந்தியும் செலவு ஏறியும் இருந்த காலத்திலே ஒப்பந்தகாரருக்கு உயர்ந்த மதிப்பீடும் ஊக்கத்தொகையும் வழங்கப்பட்டதைப் பொதுக் கண்காணிப்பாளர் 2018 அக்டோபர் அறிக்கையிலே கண்டித்தார்.

இரண்டாவது வகையையும் நாசா கைக்கொண்டது. 2006இல், விண்நிலையத்துக்குப் பொருள் ஏற்றிச் செல்லும் வேலைக்கு இரு கம்பனிகளுடன் ஒப்பந்தம் செய்தது. வேலையின் படிகளைக் குறித்து, ஒவ்வொரு படி முடிந்த பின்னரே குறித்த தொகை என்று வகுத்தது. படியைத் தாண்டாத ஒரு கம்பனியின் ஒப்பந்தத்தை அடுத்த ஆண்டே முறித்தது. மற்றது ஸ்பேஸ் எக்ஸ். அக்கம்பனி அரசின் உதவியின்றித் தானே வளர்ந்தது என்று சிலர் சொல்வர். அது பிழை. பொதுப்பணமே அதை வளர்த்தது. ஆனால் கணக்கோடு கொடுத்த பணம். 2014இல் மனிதரை ஏற்றிச் செல்ல ஸ்பேஸ் எக்சுக்கு 260 கோடியும் போயிங்குக்கு 420 கோடியும் டொலராகத் தொகை குறித்தார்கள். குறைந்த தொகை பெற்றது 2020 மே மாதத்தில் மனிதரைக் கொண்டுசென்றது. கூடிய தொகை பெற்றது 2024 ஜூனிலேதான் கொண்டுசென்றது; கோளாறினால் அக்கலம் வெறுமையாகவே திரும்பியது. ஆனால், மேலதிகச் செலவிற் பெரும்பகுதி கம்பனியின் கணக்கிலே விழுந்ததேயன்றி மக்கள் கணக்கில் விழவில்லை. முன்பு எவரும் செய்யாத வேலைக்குக் கொந்தராத்து விலை குறிப்பது கடினம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அறியாத நிலத்தில் முதற் கிணற்றை நாட்கூலிக்குத்தான் வெட்டவேண்டியிருக்கும். ஐந்தாவது கிணற்றையும் அப்படியே வெட்டுவது மடமை.

சந்திரனில் இறங்கும் கலத்துக்கு 2021 ஏப்பிரலில் ஸ்பேஸ் எக்ஸ் தெரிவானது. தோற்ற புளூ ஒறிஜின் கம்பனி கணக்காய்வு அலுவலகத்துக்கு முறையிட்டது, ஜூலையில் தோற்றது. நீதிமன்றம் சென்றது, நவம்பரிலே அங்கும் தோற்றது. இதனால் வேலை சில மாதம் நின்றது. தாமதம் என்று சலித்தவர்கள் பலர். நான் சலிக்கமாட்டேன். கோடிக்கணக்கான பொதுப்பணத்தை ஒருவருக்குக் கொடுக்கும் அரசாங்கம், கொடுத்த காரணத்தை நீதிபதியின் முன் சொல்லக் கடமைப்பட்டது. 2023இல் அக்கம்பனிக்கும் வேறொரு போட்டியில் ஒப்பந்தம் கிடைத்தது. சட்டத்தின் வழி மெதுவானது. ஆனால் அதிலே சென்றவன் கெட்டுப்போவதில்லை.

கெடுப்பது வேறொன்று. நிலையின்மைதான் கெடுக்கும். 2025 மே மாதத்தில் வெள்ளை மாளிகை நாசாவின் பணத்தை ஏறக்குறைய 2,480 கோடி டொலரிலிருந்து 1,880 கோடியாகவும், அதன் விஞ்ஞானப் பகுதியை ஏறக்குறைய அரைவாசியாகவும் குறைக்கும்படி பிரேரித்தது. கோள்களை ஆராய்ந்துகொண்டிருக்கும் கலங்களைக்கூட நிறுத்திவிடும் பிரேரணை அது. விதைத்து, களை பிடுங்கி, கதிர் முற்றும் வேளையில் நீரை மறிப்பதற்கு இது ஒப்பாகும். அவ்வாண்டு ஜூலையிலே காங்கிரஸ், பெரும் ரொக்கெட் முதலான மனிதப் பயண வேலைகளுக்கென்று ஏறக்குறைய 1,000 கோடி டொலர் தனியே ஒதுக்கிற்று. விஞ்ஞானத்தைப் பற்றிய குறைப்பிற் பெரும்பகுதியை 2026 ஜனவரியில் நிறைவேறிய ஒதுக்கீட்டுச் சட்டம் ஏற்கவில்லை. நன்றே. ஆனால் எது முதலிற் காக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். தொழிற்சாலையுள்ள தொகுதிக்குப் பிரதிநிதி உண்டு. நெப்டியூனுக்குப் பிரதிநிதி இல்லை. அதற்காகப் பேசவேண்டியவர் பொதுமக்களே.

பெரியோர்களே, இது அமெரிக்கரின் வீட்டுக் கணக்கு மட்டுமே என்று எண்ணாதீர்கள். 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையில் இலங்கையும் உறுப்பு நாடு. விண்வெளி ஆராய்ச்சி மனித குலம் முழுவதற்கும் உரியது என்கிறது அவ்வுடன்படிக்கை. தனியார் கம்பனி ஏவினாலும் அதன் நாட்டு அரசாங்கமே உலகுக்குப் பொறுப்பு என்றும் அதன் ஆறாவது உறுப்புரை விதிக்கிறது. எனவே, விண்ணை வியாபாரியிடம் விட்டுவிட்டு அரசாங்கம் கை கழுவச் சட்டத்தில் இடமில்லை. பொறுப்பை ஏற்றவன் நோக்கத்தையும் ஏற்கவேண்டும், பணத்தையும் ஏற்கவேண்டும்.

கொடுப்பவரிடம் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. எங்கே போவதற்கு இந்தப் பணம்? வேலை பிந்தினால் நட்டம் யாருக்கு? கணக்கைப் பார்ப்பவர் யார், அவர் அறிக்கையை நாம் வாசிக்கலாமா? ரொக்கெட்டுக்கு மட்டுமன்றி, குளத்துக்கும் வீதிக்கும் துறைமுகத்துக்கும் இக்கேள்விகள் பொருந்தும். அடுத்த முறை ஒரு பெருந்திட்டத்தை உங்கள் நன்மைக்கென்று எவரேனும் மேடையிலே அறிவித்தால், கைதட்டுவதற்கு முன் இம்மூன்றையும் எழுந்து நின்று கேளுங்கள். மறுமொழி கிடைத்தால் மனமுவந்து வரியைக் கொடுங்கள்.